யார் வந்தாலும் ஒன்றுதானா?

2024 நவம்பர் 14ஆம் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் 1 கோடியே 71 இலட்சம் பேர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். அவர்களில் 53 இலட்சம் பேர் வாக்களிப்பு நிலையத்தின் பக்கமே வரவில்லை. வந்தவர்களிலும் 6 இலட்சத்து 67 ஆயிரம் பேரின் வாக்குகள் செல்லுபடியற்றவை என நிராகரிக்கப்பட்டன. ஆக, ஏறத்தாழ 60 இலட்சம் குடிமக்களின் கருத்து எந்தக் கணக்கிலும் சேராமற் போயிற்று. அத்தேர்தலில் மூன்றில் இரண்டுக்கும் அதிகமான ஆசனங்களைக் கைப்பற்றிய கட்சிக்குக் கிடைத்தவை 68 இலட்சம் வாக்குகள் என்பதை நினைவிற் கொண்டால் இந்த 60 இலட்சத்தின் கனம் விளங்கும். அதற்கு இரண்டு மாதங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், இதே வாக்காளர் இடாப்பைக் கொண்டு நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் வாக்களித்தோர் இதைவிட 18 இலட்சம் பேர் அதிகம். 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது வாக்களிப்பு வீதம் 60ஐச் சற்றே தாண்டியது. வீட்டு வாசலுக்கு அண்மித்து வர வர, தேர்தலின் மீதான அக்கறை எம்மிடம் குன்றிக்கொண்டே போகிறது.

ஏன் வாக்களிக்கவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "யார் வந்தாலும் எமக்கு ஒன்றுதான்." தேநீர்க்கடையில் இதைச் சொல்பவர் ஏதோ பெரும் அனுபவ ஞானத்தைப் பகிர்வது போலச் சொல்கிறார். கேட்பவரும் தலையசைக்கிறார். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நிற்போரிடையேயும் இதே வார்த்தை உலவுகிறது. நாட்டின் அரசியல் நிலையைப் பற்றிய தீர்க்கமான முடிவாக இது கருதப்படுவதால், இவ்வார்த்தை உண்மையா பொய்யா என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. நாம் பார்ப்போம்.

2019 நவம்பரில் ஆட்சி மாறியது. மாறிய சில வாரங்களுக்குள், டிசம்பர் மாதம் முதல், பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. மாதமொன்றுக்கு 10 இலட்சம் ரூபாய் விற்பனை உள்ள வியாபாரி அவ்வரிக்குப் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த எல்லை, மாதம் 2 கோடியே 50 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வருமான வரியிலும் பெரும் சலுகைகள் வழங்கப்பட்டன. வியாபாரச் சமூகம் மகிழ்ந்தது. வியாபாரத்தையே முதுகெலும்பாகக் கொண்ட எமது சமூகத்திலும் மகிழ்ந்தோர் பலர். அந்தப் புதிய அரசைத் தேர்தலில் எதிர்த்தவர்கள்கூட, "எப்படியோ வரியைக் குறைத்துவிட்டார்கள்" என்று பாராட்டினார்கள். அரசின் வருமானம் எங்கிருந்து வரும், வராவிட்டால் கடன் எவ்வாறு அடைபடும் என்று கேட்டவர்கள் பொருளியல் அறிஞர்களில் ஒரு சிலரே. 2021இல் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 8 வீதத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு வீழ்ந்தது. கடன் தரப்படுத்தும் நிறுவனங்கள் 2020இலேயே நாட்டின் தரத்தைக் கீழிறக்கிவிட்டிருந்தன. கொரோனா சுற்றுலாத் துறையை முடக்கியது உண்மை. ஆனால் அந்த நோய் வருவதற்கு முன்பே கருவூலத்தின் அடைப்பைப் பிடுங்கி வைத்தது எமது நாட்டு அரசுதான்.

பின்னர் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே இரவில் தடை செய்யப்பட்டது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் கிண்ணியாவிலும் வயல் செய்யும் எமது விவசாயிகளுக்கு இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது. இறக்குமதிக்கு டொலர் இருக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று அரசு பகிரங்கமாக அறிவித்தது. அது ரமழான் மாதம். எரிவாயு சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றபடி பேரீத்தம்பழத்தோடு நோன்பு திறந்தவர்களை நாம் அறிவோம். செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. உணவுப் பொருட்களுக்கு மட்டும் பார்த்தால் அது 95 வீதத்தை அண்மித்தது. ஓராண்டுக்கு முன் 1,000 ரூபாய்க்கு நிறைந்த பைக்கு 2,000 ரூபாய் தேவைப்பட்டது.

யார் வந்தாலும் ஒன்று என்றால், வரியைக் குறைக்காத ஒருவரும் குறைத்தவரும் ஒன்றா? பசளையைத் தடை செய்தவரும் செய்யாதவரும் ஒன்றா? வாக்களிப்பு நிலையத்தில் வேறுபாடு தெரியாதவர்களுக்கு எரிபொருள் வரிசையில் அது தெரிந்தது.

இந்த வீழ்ச்சிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. 2023 நவம்பர் 14ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கைக்குத் துரோகமிழைத்து அடிப்படை உரிமைகளை மீறினர் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் முடிவு செய்தனர். பொதுமக்களின் நம்பிக்கை என்று நீதிமன்றம் குறிப்பிட்டதை எமது மார்க்கம் அமானிதம் என்கிறது. ஆயினும் நீதிமன்றத்தால் தன்முன் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி மட்டுமே பேச முடியும். அமானிதத்தை வீணடித்தவரைப் பற்றி அது பேசியது. அமானிதத்தை விசாரிக்காமல் கையளித்தவர்களையும், கையளித்தபின் திரும்பிப் பார்க்காதவர்களையும் பற்றிப் பேச அதற்கு அதிகாரமில்லை. அதைப் பேச வேண்டியவர்கள் நாம்.

இவ்விடத்தில் எமது சமூகத்தின் வாயிலிருந்து வழமையாக வரும் மறுமொழி ஒன்றுண்டு: "நாம் அவருக்கு வாக்களிக்கவில்லையே! 69 இலட்சம் பேர் செய்த வேலைக்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?" வாக்குச் சீட்டைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. 2019இல் முஸ்லிம்களின் வாக்குகள் பெருமளவில் மறுபக்கமே விழுந்தன. ஆனால் கதை வாக்குச் சீட்டோடு முடியவில்லை.

2020 ஒக்டோபர் 22ஆம் திகதி பாராளுமன்றத்தில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜனாதிபதியின் கையில் நீதியரசர் நியமனம் முதல் ஆணைக்குழுக்கள் வரை அனைத்தையும் ஒப்படைக்கும் திருத்தம் அது. இரட்டைக் குடியுரிமை உடையோர் பாராளுமன்றம் நுழைவதற்கும் அதுவே வழி திறந்தது. அவ்வழியாக வந்தவரே அடுத்த ஆண்டு நிதியமைச்சரானார். நிறைவேற 150 வாக்குகள் தேவை. கிடைத்தவை 156. அவற்றில் 8 வாக்குகள் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து வந்தவை. அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் முஸ்லிம் உறுப்பினர்கள். எட்டைக் கழித்தால் 148. திருத்தத்தை நிறைவேற்றிய கைகள் எவை என்பதை அறியச் சிறுபிள்ளைக் கணக்கே போதும்.

அப்போது நாட்டின் நிலை என்ன? கொரோனாவால் மரணித்தோரை எரிக்க வேண்டும் என்ற வர்த்தமானி அறிவித்தல் அவ்வாண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. ஜனாஸாக்கள் பெட்டிகளில் வைத்துத் தீயிலிடப்பட்டுக்கொண்டிருந்தன. கபன் துணியைக்கூட முறையாகப் போர்த்த முடியாத நிலையில் பிள்ளைகள் தந்தையரை இழந்துகொண்டிருந்தனர். அத்தகைய நாட்களில், அந்த அரசை எதிர்ப்பார்கள் என்று நம்பி எமது மக்கள் வாக்களித்துப் பாராளுமன்றம் அனுப்பிய உறுப்பினர்கள், அதே அரசுக்கு எல்லையற்ற அதிகாரத்தை வழங்கக் கை உயர்த்தினர். கட்சித் தலைவர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள், உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். இந்த வேலைப் பங்கீட்டின் அழகை வாசகர்களின் சிந்தனைக்கே விடுகிறோம். ஜனாஸா விவகாரத்தில் விடிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தே ஆதரித்ததாகப் பின்னர் விளக்கம் வந்தது. அந்த டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான பச்சிளம் குழந்தையொன்று பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. நல்லடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2021 பெப்ரவரி இறுதியில், பாகிஸ்தான் பிரதமரின் விஜயமும் ஜெனீவா மனித உரிமைப் பேரவையின் அமர்வும் நெருக்கிய வேளையில். கை உயர்த்தியதற்கும் மையவாடிக் கதவு திறந்ததற்கும் இடையே நான்கு மாதங்கள் இருக்கின்றன.

எம்முடைய கேள்வி அந்த உறுப்பினர்களைப் பற்றியதன்று. அவர்களைத் தெரிவு செய்த ஊர்களைப் பற்றியது. ஒக்டோபர் 23ஆம் திகதி காலை எத்தனை மஹல்லாக்கள் தமது உறுப்பினரை அழைத்து விளக்கம் கேட்டன? எத்தனை பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஒரு கடிதமேனும் எழுதின? முகநூலில் வசைமாரி பொழிந்தது உண்மை. ஒரு வாரத்தில் அது ஓய்ந்ததும் உண்மை. அதன்பின் அதே உறுப்பினர்கள் திருமண வைபவங்களில் முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தார்கள், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பொன்னாடை பெற்றார்கள். எவரேனும் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைப் போர்த்துமுன் ஒரு கேள்வி" என்று கேட்டதாகத் தகவல் இல்லை.

இது புதிய வழக்கமும் அன்று. 2010 செப்டெம்பரில் ஜனாதிபதிப் பதவிக்கான இரண்டு தவணை வரம்பை நீக்கிய 18ஆவது திருத்தத்துக்கும் எமது பிரதான முஸ்லிம் கட்சி ஆதரவாக வாக்களித்தது. அதற்கும் கணக்குக் கேட்கப்படவில்லை. கேட்கப்படாத கணக்கு பத்து ஆண்டுகளில் இரண்டாம் தடவையாக எழுதப்பட்டது, அவ்வளவே.

2015 ஜனவரியை எடுத்துக்கொள்வோம். அளுத்கமயின் தீ ஆறாத நிலையில், எமது தாய்மார்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று ஆட்சியை மாற்றினார்கள். அன்றைய வாக்களிப்பில் அக்கறையின்மை என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ஆனால் வென்ற மறுநாளே சமூகம் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு சென்றது. ஏழு வாரங்களில் மத்திய வங்கிப் பிணைமுறி மோசடி நடந்தது. அது எம்மைப் பாதிக்கும் விடயமாக எமக்குத் தோன்றவில்லை. எமது வியாபாரத்தில் ஒரு வேலையாளிடம் கடைச் சாவியைக் கொடுத்தால், மாலையில் கல்லாப்பெட்டியை எண்ணாமல் உறங்கச் செல்லும் முதலாளி எவராவது உண்டா? நாட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு ஐந்து ஆண்டுகள் உறங்குவதற்கு மட்டும் எமக்கு மனம் ஒப்புகிறது.

அரசியல் ஒரு சாக்கடை, பேணுதலுள்ள முஸ்லிம் அதிற் கால் வைக்கலாகாது என்போர் இருக்கிறார்கள். இவர்களிற் சிலர் இதை மார்க்கத்தின் பெயரால் சொல்வதால் பதில் தேவைப்படுகிறது. துணைக்கண்டத்தின் மதிப்புக்குரிய மார்க்க அறிஞர்களில் ஒருவரான மறைந்த முஃப்தி முஹம்மத் ஷஃபீ அவர்கள், வாக்கு என்பது ஒரே வேளையில் சாட்சியமாகவும் பரிந்துரையாகவும் பிரதிநிதியை நியமிக்கும் செயலாகவும் அமைகிறது என்று விளக்கியுள்ளார்கள். சாட்சியம் என்றால், தெரிந்தவன் அதை மறைக்கலாகாது என்பது மார்க்கம் கற்ற எவருக்கும் தெரிந்த சட்டம். நீதிமன்றில் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவன், "அங்கே பொய் பேசுவோர் அதிகம், ஆகவே நான் வரமாட்டேன்" என்று வீட்டிலிருந்தால் அதைப் பேணுதல் என்று யாரும் சொல்வதில்லை. மேலும், சாக்கடை என்று மூக்கைப் பொத்துபவர்கள் அதே அரசியல்வாதியின் பரிந்துரைக் கடிதத்தோடு மகனுக்குப் பாடசாலை அனுமதியும் மருமகனுக்கு அரச தொழிலும் தேடி அலைவதை நாம் காணாமலில்லை.

நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் அறிவித்து புஹாரியில் பதிவாகியுள்ள கப்பல் உவமையை எமது கதீப்மார்கள் அடிக்கடி சொல்வார்கள். சீட்டுக் குலுக்கி இடம் பிடித்த பயணிகளில் சிலருக்கு மேற்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைக்கின்றன. தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே சென்று பிறருக்குத் தொந்தரவு கொடுப்பதைவிட, தம் பகுதியிலேயே ஒரு துளை இட்டுக்கொள்ளலாம் என்று கீழே உள்ளோர் எண்ணுகின்றனர். மேலே உள்ளோர் அவர்களைத் தடுத்தால் அனைவரும் பிழைப்பர். விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். இந்த ஹதீஸைத் தனிமனிதப் பாவங்களைத் தடுப்பதற்கே பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். நாம் அதிற் காண்பது இன்னொன்று. துளையிடுபவன் கெட்ட எண்ணத்தோடு துளையிடவில்லை. பிறருக்குச் சிரமம் தரக்கூடாது என்றே எண்ணுகிறான். வரியைக் குறைத்தவர்களும் பசளையை நிறுத்தியவர்களும்கூட நல்லது செய்வதாகவே சொன்னார்கள். மேற்தளத்தில் இருந்தவர்களின் கடமை அவனுடைய நோக்கத்தை ஆராய்வதன்று, உளியைப் பிடித்து நிறுத்துவது.

வராத வாக்கு என்ன செய்யும் என்பதற்கு எமது நாட்டு வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. 2005 ஜனாதிபதித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை ஏறத்தாழ 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால் வென்றார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவாகியிருந்த சுமார் 7 இலட்சம் பேரில் வாக்களித்தோர் 9 ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. அங்கே பகிஷ்கரிப்பு மக்கள் மீது சுமத்தப்பட்டது. அவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்வது அநீதி. துப்பாக்கியின் நிழலில் அவர்கள் இழந்ததை, எந்த நிழலும் இல்லாத நாம் சோம்பலினால் கைவிடுகிறோம். வராத அந்த வாக்குகள் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று இனி விவாதித்துப் பயனில்லை. அதன் பின்னரான பத்தாண்டு எவ்வாறு அமைந்தது என்பதை வடக்கும் அறியும், கிழக்கும் அறியும்.

வாக்களிக்கச் சென்றவர்களின் அக்கறையையும் சற்றுப் பரிசோதிக்க வேண்டும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதித் தேர்தல் பல வகையில் முன்மாதிரியில்லாதது. முதன்முறையாக எந்த வேட்பாளரும் முதற் சுற்றில் 50 வீதத்தைத் தாண்டவில்லை. அநுர குமார திசாநாயக்க 42 வீதத்தோடு முன்னிலையில் நின்றார். ஆகவே சட்டப்படி இரண்டாம் மூன்றாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. முதலிரு வேட்பாளர்கள் தவிர்ந்த ஏனையோருக்கு வாக்களித்தவர்கள் 33 இலட்சம் பேர். எஞ்சிய இருவரில் யார் நாட்டை ஆள வேண்டும் என்று சொல்லும் உரிமை அந்த 33 இலட்சம் பேருக்கும் இருந்தது. அவர்களின் சீட்டுகளிலிருந்து அவ்விருவருக்கும் கிடைத்த மேலதிக வாக்குகளின் கூட்டுத்தொகை 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. ஏனையோர் 1 என்ற இலக்கத்தையோ புள்ளடியையோ இட்டுவிட்டு வந்துவிட்டார்கள், அல்லது அவ்விருவரிலும் எவரையும் குறிக்கவில்லை. முதலிரு வேட்பாளருக்கும் இடையிலான இறுதி வித்தியாசம் 12 இலட்சம். பயன்படாத வாக்குகளோ 30 இலட்சம்.

இருவரையும் பிடிக்காமல் வேண்டுமென்றே விட்டவர்களும் அவர்களிடையே இருக்கலாம். அவர்கள் உரிமையைத் தெரிந்து விட்டவர்கள்; அவர்களோடு எமக்கு வாதமில்லை. ஆனால் இரண்டாம் இலக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே அறியாதவர்கள் எத்தனை பேர்? இந்த முறை 1978 அரசியலமைப்பிலிருந்தே இருக்கிறது. தேர்தலுக்கு முந்திய வாரங்களில் எமது மேடைகளில் யாருக்கு வாக்களிப்பது என்று தொண்டை கிழியப் பேசப்பட்டது. எப்படி வாக்களிப்பது என்று பேச ஐந்து நிமிடம் ஒதுக்கியவர்கள் மிகச் சிலர். எமது இல்லங்களிலோ நிலைமை இன்னும் பரிதாபம். ஆண்கள் சொல்லும் சின்னத்தை மனனம் செய்துகொண்டு செல்லும் பெண்களுக்கு, சீட்டில் மேலும் இரண்டு இலக்கங்கள் இடலாம் என்பதைச் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றுவதில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மனைவிக்குச் சின்னம் சொல்லிக் கொடுக்கும் கணவன்மாரும் இதில் அடக்கம்.

எல்லோர் மீதும் ஒரே பழியைச் சுமத்துவது எமது நோக்கமன்று. வராத 53 இலட்சம் பேரில் வளைகுடா நாடுகளில் உழைப்போர் பெருந்தொகையினர். அவர்களின் பெயர் ஊர் இடாப்பில் இருக்கிறது, அவர்கள் ரியாதிலும் தோஹாவிலும் இருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இந்நாட்டில் வழியில்லை. அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் அந்நியச் செலாவணிக்கு வேண்டும், அவர்களின் கருத்து வேண்டாம் என்பது நீண்டகால அநீதி. கொழும்பில் நாட்கூலிக்கு நிற்பவர் வாக்களிக்க ஏறாவூர் சென்று திரும்ப இரண்டு நாள் உழைப்பை இழக்க வேண்டியிருக்கிறது. இவர்களை நோக்கி விரல் நீட்ட எமக்கு உரிமை இல்லை. எமது பேச்சு, வாக்களிப்பு நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில் இருந்துகொண்டு, விடுமுறை நாளென்று உறங்கிக் கழித்தவர்களைப் பற்றியது. "நல்லவர் யாரும் இல்லை" என்று 39 பெயர்கள் கொண்ட சீட்டைப் பார்த்துச் சொன்னவர்களைப் பற்றியது.

அக்கறையே இல்லாத சமூகமா இது என்றால், அதுவும் இல்லை. பள்ளிவாசல் நம்பிக்கையாளர் தெரிவு வரட்டும், பார்க்கலாம். யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று இரவிரவாக ஆராய்கிறார்கள். ஒரு நாற்காலிக்காக வக்பு சபை வரை வழக்கு நடத்துகிறார்கள். அதே மனிதர்களில் எத்தனை பேர் தமது பிள்ளைக்கு 18 வயதானதும் வாக்காளர் இடாப்பில் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்திருக்கிறார்கள்?

தேர்தல் என்பதே எம்மிடமிருந்து பறிக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவடைந்தது. மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்று குறிக்கப்பட்டு, வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, பின்னர் பணமில்லை என்ற காரணத்தால் நிறுத்தப்பட்டது. நாடெங்கும் 300க்கும் மேற்பட்ட மன்றங்கள் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளால் நடத்தப்பட்டன. தெருவிளக்கு எரியவில்லை என்றால் கேட்க உறுப்பினர் இல்லை, குப்பை அள்ளப்படவில்லை என்றால் தட்டக் கதவில்லை. எதிர்க்கட்சிகளும் தேர்தல் கண்காணிப்பு அமைப்பும் சிவில் அமைப்பொன்றும் நீதிமன்றம் சென்றன. 2024 ஓகஸ்டில், தேர்தலை நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கோ சிலர் மனு எழுதி, கட்டணம் கட்டி, வழக்காடி எமக்குப் பெற்றுத் தந்த தேர்தல் அது. 2025 மே 6ஆம் திகதி அத்தேர்தல் வந்தபோதுதான் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேர் வீட்டில் இருந்தார்கள்.

அதைவிட நீண்ட மௌனம் ஒன்று இன்னும் கலையவில்லை. கிழக்கு மாகாண சபைக்கு இறுதியாகத் தேர்தல் நடைபெற்றது 2012 செப்டெம்பரில். அச்சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அவ்வாண்டு நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தமும் எல்லை நிர்ணயச் சிக்கலும் காரணமாகக் காட்டப்பட்டன. ஆட்சிகள் மூன்று நான்கு மாறிவிட்டன, காரணம் மட்டும் மாறவில்லை. மாகாணப் பாடசாலைகளையும் மாகாண வைத்தியசாலைகளையும் வீதிகளையும் ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் பார்த்துக்கொள்கிறார். முஸ்லிம்கள் மூன்றிலொரு பங்குக்கும் அதிகமாக வாழும் மாகாணம் அது. எமது சமூகத்தவர் முதலமைச்சராக இருந்து நிர்வகித்த சபை அது. காத்தான்குடியிலோ கல்முனையிலோ இன்று முப்பது வயதில் இருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயோ தந்தையோ ஆகிவிட்ட ஒருவர், தமது மாகாண சபைக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை. பிள்ளையின் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லையென்றால் எந்த வாசலில் நின்று கேட்பது என்பது அவருக்குத் தெரியாது.

பாராளுமன்ற உறுப்பினர்கள் இப்போதும் வார இறுதிகளில் ஊர் வருகிறார்கள். திருமணங்களுக்கு வருகிறார்கள், ஜனாஸாவுக்கு வருகிறார்கள். மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று அவர்களிடம் கேட்கத் தேர்தல் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முன் ஸஃப்பில் இருப்பவரிடம், தொழுகை முடிந்ததும் கேட்கலாம்.